ஒப்பிட்டு எழுதுக

மே 6, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. போன வருடம் நடந்த அதே கல்லூரி, அதே மாடி. எங்கள் தமிழ்க் குழுவுக்குப் பதினான்காம் எண் அறை. நான்கு மின்விசிறிகளில் மூன்று சுற்றுகின்றன. சுற்றாததன் கீழே எனக்கு இடம். பக்கத்தில் ஹமீதா. தென்காசிப் பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்க்கிறாள், போன வருடமும் என் பக்கத்தில்தான் இருந்தாள். குழுவுக்குத் தலைவர் தேவசகாயம் சார். காலையில் இருபத்தைந்து தாள், மதியம் இருபத்தைந்து. எங்களுக்குச் சிவப்பு மை, தலைவருக்குப் பச்சை. போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

எனக்கு வந்தது நாடகத் தாள். இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். பதினைந்து மதிப்பெண் வினா நான் எதிர்பார்த்ததுதான்: ‘தேனார்குழலி, கோமளாங்கி ஆகிய தலைவியரின் அவல வாழ்வை ஒப்பிட்டு எழுதுக.’ விடைக்குறிப்பு தயாரித்துக் கொடுத்ததும் நான்தான். தேனார்குழலி அரசனின் மனைவி. கணவன் சந்தேகப்பட்டு அனுப்பிய நஞ்சை, நஞ்சென்று தெரிந்தே குடிக்கிறாள். கோமளாங்கி வியாபாரி வீட்டு மருமகள். கொடுமை தாங்காமல் ஆற்றில் இறங்குகிறாள். முதல் நாடகம் செய்யுள், மற்றது பேச்சு நடை. இரண்டுக்கும் நடுவில் அறுபது வருட இடைவெளி.

என் குறிப்பின் முடிவுரை இது: ‘தேனார்குழலி பொறுமையால் உயர்ந்தாள், கோமளாங்கி பொறுமை இழந்ததால் வீழ்ந்தாள்.’ வகுப்பில் இந்த வரியைச் சொல்லும்போது பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள்.

சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து மகள் தாரிணி கூப்பிட்டாள். தெரியாத எண். “ஜோதி டீச்சர் போன்மா. என் போன்ல சார்ஜ் இல்ல” என்றாள். அவள் கொஞ்ச நாள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் உடன் இருந்த டீச்சர், சாத்தூர்க்காரர். அவளுடைய டிகிரி, பி.எட். சான்றிதழ்கள் எல்லாம் இங்கேதானே இருக்கின்றன என்று கேட்டாள். பீரோவில் பத்திரமாக இருக்கின்றன என்றேன். எதற்கு என்று கேட்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

மே 7, செவ்வாய்

ஐம்பது தாள். என்னுடைய முடிவுரை வரி முப்பத்தொரு தாளில், ஒரு சொல் மாறாமல். எந்த ஊர் எந்தக் கல்லூரி என்று தெரியாது. என் நோட்ஸ் எப்படியோ எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. முதல் பத்துத் தாள் வரை சந்தோஷமாக இருந்தது. மதியத்துக்கு மேல் அந்த வரியைப் படிக்காமலே டிக் போட்டுக்கொண்டு போனேன்.

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். ஜூன் ஒன்றாம் தேதி முதல் ஒரு பேங்க் ஊழியருக்கு வாடகைக்கு விடுவதாக இவர் சொல்லியிருக்கிறார். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை தேவைப்படுகிறது.

தாரிணி மறுபடி கூப்பிட்டாள். இன்று அவளுடைய போன்தான். மெதுவாகப் பேசினாள்.

“எம்மா, மாடி ரூம்ல என் கட்டில் கெடக்கா?”

“அது எதுக்கு? பழசுன்னு கொடுத்தாச்சு. ரூம வாடகைக்கு விடப் போறாக அப்பா.”

“ஓ. சரிம்மா.”

“சாப்ட்டியாட்டி?”

“ம். வைக்கேன்.”

பழைய கட்டில்மேல் இவ்வளவு ஆசையா? பெண் பிள்ளைகள் மனசு அப்படித்தான்.

மே 8, புதன்

மாவு புளித்துவிட்டது. ஐம்பது தாள். யாரும் கூப்பிடவில்லை.

மே 9, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஹமீதா கேட்டாள்: “மேடம், மக எப்படி இருக்கா? கல்யாணத்துல பாத்தது.”

“நல்லா இருக்கா. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஏஜென்சி. சொந்த வீடு. ஒரு கொறையும் இல்ல.”

அவள் கேட்டதைவிட அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது.

பொங்கலுக்குத் தாரிணி தனியாகத்தான் வந்தாள். மாப்பிள்ளைக்கு வியாபார நேரம். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். வழுக்கி விழுந்தால் உள்ளங்கைதானே தேய்ந்திருக்கும் என்று இவர் கேட்டார். நான் கரும்பு வெட்டித் தரச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு? நான்கு நாள் இருந்தாள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் செய்தேன். கேசரி, சொதி, அவியல். எப்போதும் என் பின்னாலேயே அடுப்படிக்குள் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், நான் தாளித்துக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் நானே பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கு முந்தைய தடவைகளில் எல்லாம் கிளம்பும்போது கண்ணைக் கசக்குவாள். இந்தத் தடவை அழவே இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்குவம் வந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, வராமல் என்ன செய்யும்.

மே 10, வெள்ளி

காலையில் பதினேழாவது தாள். கோணல் கையெழுத்து. நிறைய ஒற்றுப்பிழை. மற்ற விடைகள் சுமார். பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு இரண்டே பக்கம். படித்தவுடன் ஒரு காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன். அப்படிச் செய்யக் கூடாது. பிழைகளைத் திருத்தி இங்கே எழுதுகிறேன்:

‘இரண்டு பேரையும் கணவன் வீடுதான் கொன்றது என்று நோட்ஸில் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேனார்குழலி மூன்றாம் அங்கத்தில் அப்பாவின் அரண்மனைக்கு வருகிறாள். நான்கு நாள் இருக்கிறாள். தினமும் விருந்து நடக்கிறது. ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோமளாங்கியும் மூன்றாம் அங்கத்தில்தான் மழையில் நனைந்துகொண்டு அம்மா வீட்டுக்கு வருகிறாள். அம்மா தலை துவட்டிவிட்டுச் சோறு போடுகிறாள். விடிந்ததும் வண்டி பிடித்துக் கொடுக்கிறாள். ஒருத்திக்குப் பல்லக்கு, ஒருத்திக்கு வாடகை வண்டி. இது வேற்றுமை.

ஒற்றுமை என்னவென்றால், இரண்டு பேரும் திரும்பிப் போகும்போது அழவில்லை. அதுவரை ஒவ்வொரு காட்சியிலும் அழுதவர்கள். அதன் பிறகு நாடகம் முடியும் வரை அழவே இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று எந்த நோட்ஸிலும் இல்லை. எனக்குத் தெரியும். என் அக்காவும் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனபோது அழவில்லை. சமாதானம் ஆகிவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.’

இதற்குக் கீழே கோடு போட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டது அந்தப் பிள்ளை.

விடைத்தாளில் சொந்த விஷயம் எழுதக் கூடாது என்பது விதி. இரக்கம் தேடுவதாக ஆகும். நான் தேவசகாயம் சாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“மார்க் போடுங்கன்னு எங்கயும் கேக்கலியே மேடம்.”

“அக்காவப் பத்தி எழுதியிருக்கு சார். விதிப்படி தனியா எடுத்து வைக்கணும்.”

“நீங்க எழுதிக் கொடுத்தா வைக்கேன்.”

எழுதிக் கொடுத்தேன். பழுப்பு உறையில் போட்டு வைத்தார். ஹமீதாவுக்கு விஷயம் தெரிந்ததும், “ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருவாங்களே மேடம். விசாரணைன்னு ஆறு மாசம் இழுக்கும். இந்த வருசம் பி.எட். சேர முடியாம போயிருமே” என்றாள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை. நானும் இருபது தாள்தான் திருத்தினேன்.

மே 11, சனி

இன்றும் முகாம் உண்டு. கண் எரிச்சல். தேனார்குழலி பொறுமையால் உயர்ந்தாள் என்று எழுதியிருந்த ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாரிணிக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. மாப்பிள்ளைக்குப் போட்டேன்.

“அவ தூங்குதா அத்தை.”

“சாயங்காலம் ஆறு மணிக்கா?”

“தலைவலின்னா. எந்திரிச்சதும் பேசச் சொல்லுதேன்.”

பேசவில்லை.

மே 12, ஞாயிறு

காலையில் இவரிடம் கேட்டேன்: “ஒரு எட்டு கோவில்பட்டி போயிட்டு வருவமா?”

“எதுக்கு?”

“ஒண்ணுமில்ல. பாத்து நாளாச்சு.”

“சொல்லாம கொள்ளாம போய் நின்னா அங்க என்ன நினைப்பாக? முகாம் முடியட்டும்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உடனே சரி என்று பட்டதுதான் இப்போது உறுத்துகிறது.

பரண் சுத்தம் செய்தேன். மதியம் இரண்டு நாடகங்களையும் எடுத்து மூன்றாம் அங்கத்தை மட்டும் படித்தேன். சரியாக நான்கு நாள். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இந்தப் பகுதியை வகுப்பில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். கதை இங்கே நகராது என்று சொல்வேன். நான்காம், ஐந்தாம் அங்கத்துக்குத்தான் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். கோமளாங்கி ஆற்றில் இறங்கும் காட்சியை நான் படித்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வரை அழும். எனக்கே குரல் கம்மும்.

கோமளாங்கியின் அம்மாவுக்கு நாடகத்தில் பேர் கிடையாது. ‘தாய்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. அவளுக்கு மொத்தம் பதினொரு வசனம். அதில் எட்டு, சாப்பாட்டைப் பற்றியவை.

மே 13, திங்கள்

முகாமுக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். தேவசகாயம் சார் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“சார், வெள்ளிக்கிழமை எடுத்து வச்ச தாள எனக்குத் திருப்பித் தரணும்.”

“கவர் ஒட்டியாச்சே மேடம். மதியம் யுனிவர்சிட்டி வண்டி வருது.”

“நான் எழுதிக் கொடுத்தது தப்பு. அந்தப் பிள்ளை இரக்கம் தேடல. கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கு.”

“அப்ப அதையும் எழுதிக் கொடுக்கணும். தப்பாப் புகார் கொடுத்துட்டேன்னு. உங்க பேர்ல குறிப்பு வரும். முப்பது வருச சர்வீஸ் உங்களுக்கு.”

“வரட்டும் சார்.”

“உங்க விடைக்குறிப்புல இந்தப் பாயிண்டே கிடையாதே. எத்தன மார்க் போடுவீங்க?”

“பதினாலு.”

“ஏன், அந்த ஒண்ணு?”

“ஒற்றுப்பிழை சார்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறையைப் பிரித்துத் தந்தார். சிவப்பு மையில் பதினாலு போட்டேன். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். என் விளக்கத்தை இன்னொரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். மதியம் ஹமீதா அவளுடைய டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு மீன் எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் சைவம் என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டாள்.

தாரிணி போன் இன்னும் அணைந்தே இருக்கிறது.

மே 14, செவ்வாய்

சாயங்காலம் நாலே முக்காலுக்குப் போனைத் திறந்தபோது, 3.40க்குத் தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. படிக்கட்டில் நின்றே திரும்பக் கூப்பிட்டேன். ஒரு ஆள் எடுத்தார்.

“நான் பழக்கடைக்காரன்மா. ஒரு பிள்ள அவசரம்னு போன் கேட்டுச்சு. மூணு வாட்டி அடிச்சுது. யாரும் எடுக்கலன்னு கொடுத்துட்டுப் போயிருச்சு.”

“எந்த ஊருங்க?”

“திருநெல்வேலிதான். புது பஸ் ஸ்டாண்டு.”

“எப்படி இருந்தா? எங்க போனா?”

“ஒல்லியா, பச்சை சுடிதார். கையில பை ஒண்ணும் இல்ல. ரொம்ப நேரம் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. பொறவு வடக்க போற பஸ்ஸுல ஏறிச்சும்மா.”

ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழக்கடையைக் கண்டுபிடித்தேன். அவர் காட்டிய பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்.

மே 15, புதன்

சாத்தூர். ஜோதி டீச்சர் வீட்டில் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஏழரை மணிக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். சம்பந்தியம்மா வாசலில் கோலத்தை மிதிக்காமல் நின்றுகொண்டு பேப்பர்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க. என்ன, நீங்க மட்டும் வந்திருக்கீங்க? அவள எங்க?” என்றார்.

“யார?”

“உங்க மகளத்தான். நேத்து மத்தியானம் உங்க வீட்டுக்குப் போறேன்னு போனா. சொல்லிட்டுக்கூடப் போகல. அடுத்த வீட்டுப் பிள்ளகிட்ட சொல்லியிருக்கா. சரி, நாலு நாள் இருந்துட்டு நீங்களே கொண்டாந்து விடுவீங்கன்னு நாங்களும் பேசாம இருந்துட்டோம்.”

அவள் வரவில்லை என்றேன். அந்த அம்மா நாற்காலி போட்டார், காப்பி வேண்டுமா என்று கேட்டார். மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு, “கோவத்துல போயிருப்பா அத்தை, வந்துருவா” என்றார். அவர் முன்கையில் நகக்கீறல் மூன்று, இன்னும் ஆறாமல். வெளியே வந்துவிட்டேன்.

நேற்றுத் திருநெல்வேலியில் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறியவள் இந்த வீட்டுக்கு வரவில்லை. கோவில்பட்டிக்கும் வடக்கே ஆறு என்றால் வைப்பாறு. மே மாதத்தில் அதில் வெறும் மணல்தான். அப்பாடா என்று நினைத்தேன். அடுத்த நொடி ரயில் பாதை நினைவுக்கு வந்தது. வகுப்பில் குரல் கம்மப் படிக்கும் அந்தக் காட்சியில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவருக்குப் போன் செய்தேன். “அங்க இல்ல” என்று மட்டும்தான் சொன்னேன். “அவ வேற யார் போன்லயிருந்தோ பேசினான்னியே, போன வாரம்?” என்றார். இவருக்கு அது ஞாபகம் இருந்தது. எனக்கு இல்லை.

ஆறாம் தேதி வந்த அழைப்பைத் தேடிப் பிடித்தேன். ஜோதி டீச்சர் எடுத்தார்.

“நான் தாரிணியோட அம்மா பேசுதேன். அவ... உங்களுக்கு ஏதாவது...”

“இருங்கம்மா. அவகிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுதேன்.”

உயிரோடு இருக்கிறாள். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பதில் உறைத்தது. கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறாராம். நான் வரலாமா என்று.

ஐம்பது நிமிடம். பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். சாத்தூர் பஸ் நான்கு போயிற்று. வெள்ளரிக்காய் விற்கிற அம்மா இரண்டு தடவை என்னிடம் வந்துவிட்டு, மூன்றாம் தடவை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துகொண்டார்.

“வாங்கம்மா” என்று ஜோதி டீச்சர் கூப்பிட்டபோது மணி ஒன்பதரை.

மே 16, வியாழன்

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜோதி டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். கணக்கு டீச்சர். தனியாக இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். என்னை உள்ளே விட்டுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். தாரிணி டீச்சருடைய நைட்டியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கழுத்தின் இடது பக்கம் விரல் தடம். நான்கு விரலும் எண்ணலாம் போல இருந்தது.

“உக்காருங்க.”

எதிரே உட்கார்ந்தேன். கை தன்னால் பீன்ஸை எடுத்து நார் உரிக்கப் போயிற்று. எடுத்த பீன்ஸைத் திரும்ப வைத்துவிட்டேன்.

“ஏட்டி, என்ன நடந்துச்சு?”

“இப்பதான் கேக்கீங்க.”

“ஆமா. இப்பதான் கேக்கேன்.”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. “நேத்து உங்க வீட்டுக்குத்தான் கிளம்பி வந்தேன். பர்ஸ்ல இருந்தது பஸ்ஸுக்கு மட்டும்தான் சரியா இருந்துச்சு. போன் அவர் உடைச்சுட்டாரு. உங்களுக்கு மூணு வாட்டி அடிச்சேன். எடுக்கல. சரி, நடந்தே போயிருவோம்னு நினைச்சேன். போனா என்ன நடக்கும்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேம்மா. நீங்க கேசரி கிண்டுவீங்க. அப்பா டி.வி. சத்தத்தக் கூட்டி வைப்பாக. நாலு நாள் கழிச்சு நீங்களே பஸ் ஏத்தி விடுவீங்க. இந்த வாட்டி திரும்பிப் போனா நான் இருக்க மாட்டேன். அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதான் அந்தப் பழக்கடைக்காரர்கிட்டயே எழுபது ரூவா கேட்டு வாங்கிட்டு இங்க வந்துட்டேன்.”

யாரோ ஒரு பழக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

நான் ஏதேதோ சொன்னேன். முகாமில் ஒரு விடைத்தாள் வந்தது, ஒரு பிள்ளை இரண்டு நாடகத்தையும் பற்றி எழுதியிருந்தது, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை, அதனால்தான் கிளம்பி வந்தேன் என்று.

தாரிணி கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாரோ ஒரு பிள்ள பரீட்சைப் பேப்பர்ல எழுதினத படிச்சுதான் தெரிஞ்சுதாம்மா உங்களுக்கு? நான் உங்க பக்கத்துல நின்னேனே. அடுப்படியில.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்லத் தொடங்கினாள். முதலிலிருந்து. ஜோதி டீச்சர் வந்து சமையலை முடித்துச் சாப்பிட அழைக்கும் வரை சொன்னாள். நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். வரவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “இங்க ஒரு ஸ்கூல்ல ஜூன்ல இருந்து இடம் இருக்காம். டீச்சர் கேட்டிருக்காங்க. அதுக்குத்தான் சர்டிபிகேட் கேட்டேன்.”

மே 17, வெள்ளி

முகாமின் கடைசி நாள். இரண்டு நாள் வராததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். தேவசகாயம் சார் படித்துப் பார்க்காமல் கோப்பில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளின் பதினாலு அப்படியே நின்றுவிட்டது என்றார். என் பேரில் குறிப்பும் போயிருக்கிறது.

அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கடைசி வரை தெரியாது. அக்காவுக்கு என்ன ஆனது என்று எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

மே 18, சனி

சான்றிதழ்களை இவரே எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். சாத்தூரில் ஜோதி டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். தாரிணி வந்து பிளாஸ்டிக் உறையை வாங்கிக்கொண்டாள்.

“மாடி ரூமுக்கு ஆள் வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றார்.

“எதுக்குப்பா? விடுங்க. நான் வரல.”

“வரலன்னாலும் இருக்கட்டும்.”

அவள் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இவர் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். கிளம்பும்போதுதான் கேட்டார்: “போலீஸ்ல எழுதிக் கொடுப்பமா?”

“நானே கொடுக்கப் போறேன்பா. திங்கக்கிழமை. ஜோதி டீச்சர் கூட வாராங்க.”

“நான் வரட்டுமாட்டி?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “வாங்க” என்றாள்.

மே 20, திங்கள்

மகளிர் காவல் நிலையம். சிறிய கட்டடம். வெளியே வேப்ப மரத்தடியில் கைக்குழந்தையோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஜோதி டீச்சர் எங்களை உட்கார வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.

எஸ்.ஐ. சின்ன வயசுப் பெண். தாரிணி சொல்லச் சொல்ல ஒரு காவலர் எழுதினார். தாரிணி எந்த இடத்திலும் திக்கவில்லை. தேதி, நேரம், எந்த அறை, எந்தக் கை என்று சொல்லிக்கொண்டே போனாள். கழுத்துத் தடத்தைப் பார்த்து எஸ்.ஐ. குறித்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் காட்டச் சீட்டு எழுதித் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அம்மாவா? என்ன பண்றீங்க?”

“காலேஜ்ல தமிழ் ப்ரொபசர்.”

“உங்க வாக்குமூலமும் வேணும்மா. அவங்கள அடிக்கிறது உங்களுக்கு எப்ப தெரியும்?”

தாரிணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொங்கலுக்கு வந்தப்ப, கை வீங்கியிருந்துச்சு. அப்ப தெரியும்” என்றேன்.

“அதுக்கு முன்னாடி தெரியாதா?”

“தெரியாது.”

காவலர் எழுதினார். ‘பொங்கல் சமயத்தில் முதன்முதலாக எனக்குத் தெரியவந்தது.’ படித்துக் காட்டி, தாளை என் பக்கம் நகர்த்தினார். தாரிணி இப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல ஒரு பார்வை. திரும்பவும் குனிந்துகொண்டாள்.

பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்தேன்.

“இதை மாத்தணும் மேடம்.”

“எதை?”

“கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் போன் பண்ணினா. மத்தியானம். ‘எம்மா, இவுக அடிக்காக, கூட்டிட்டுப் போங்க’ன்னு சொன்னா. எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான், அனுசரிச்சுப் போன்னு சொல்லிட்டு நான் வச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லல.”

காவலர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியே எழுதலாமாம்மா? கோர்ட்டுல இத உங்ககிட்டக் கேப்பாங்க. எல்லார் முன்னாடியும் கேப்பாங்க.”

“எழுதுங்க.”

‘பொங்கல்’ என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே புதிதாக எழுதினார். நான் சொன்ன வார்த்தைகளையே எழுதினார். அடித்த இடத்தில் ஒரு சுருக்கொப்பமும் கீழே முழுக் கையெழுத்தும் போடச் சொன்னார். இரண்டையும் போட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, தாரிணி அவளுடைய நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.